சும்மா அடிக்கிற மணி

இரண்டாம் படுக்கை அம்மா பல் துலக்க ஆரம்பித்துவிட்டார். தலைமாட்டை உயர்த்தி, மடியில் கிண்ணத்தை வைத்து, நர்ஸ் ஒரு பக்கம் முதுகைத் தாங்கிக்கொள்ள, அவராகவே பிரஷ்ஷைப் பிடித்து மெல்ல இப்படியும் அப்படியும், கை ஆட ஆட அவர் மார்பில் ஒட்டியிருக்கிற இ.சி.ஜி. ஒயர்களும் ஆடுகின்றன, என் முன்னால் இருக்கிற பெரிய திரையில் அவருடைய பச்சைக்கோடு பைத்தியம் பிடித்ததுபோல் கிறுக்குகிறது. இந்தக் கிறுக்கலைப் பார்த்துத்தான் நேற்று வரை இந்த ஐ.சி.யு.வின் மானிட்டர், இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, ஆள் போகப்போகிறார் என்று சிவப்பாகக் கத்தும், தினமும் காலையில், பல் துலக்குகிற ஒவ்வொருவருக்கும். இப்போது கத்தவில்லை. நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் கத்தவில்லை, பச்சைக்கோட்டுக்குக் கீழே விரல் கிளிப்பிலிருந்து வருகிற நீலக்கோடு அலை அலையாக ஒழுங்காகப் போகிறது, அதற்கும் கீழே மணிக்கட்டு ரத்தக் குழாயிலிருந்து வருகிற சிவப்புக்கோடும் அப்படியே, இதயம் நிஜமாகவே தாறுமாறாகத் துடித்தால் இந்த இரண்டும் இவ்வளவு சமர்த்தாக இருக்க முடியாது, ஆகவே ஆடுவது இதயம் இல்லை, ஒயர். அதைத் திரை புரிந்துகொண்டுவிட்டது. ஓரத்தில் சின்னதாகச் சாம்பல் நிறத்தில் 'அசைவு' என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறது, பேசாமல், கடவுளே, பேசாமல் இருக்கிறது.

அம்மா கொப்பளித்துத் துப்பித் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்கிறார், பச்சைக்கோடு மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் நாக்கு துருதுருக்கிறது. பக்கத்தில் சிஸ்டர் ரெஜினா மருந்து ஊசிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார், இந்த ஷிஃப்டின் மூத்த நர்ஸ், அதிகம் பேசமாட்டார். "பாத்தீங்களா சிஸ்டர்?" என்கிறேன். "என்னத்த மேடம்?" "ஒண்ணும் நடக்கல." அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஒண்ணும் நடக்கலையே," என்று லேபிளுக்குத் திரும்பிக்கொள்கிறார். எப்படிச் சொல்வது, ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் ஒன்றரை வருஷம் இந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தேன் என்று. இவ்வளவு நாளும் எங்கள் ப்ரோக்ராம் வாயைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருந்தது, மானிட்டர் கத்தும்போதெல்லாம், நானாயிருந்தால் இதற்குக் கத்தியிருக்கமாட்டேன் என்று தனக்குள் குறித்துக்கொண்டது, அவ்வளவுதான். இன்று காலை டியூட்டி மாறின பிறகு ஒலிபெருக்கியை அதன் கையில் கொடுத்துவிட்டோம். இனி இந்த எட்டுப் படுக்கைக்கும் எப்போது சத்தம் போடுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று அதுதான் முடிவு பண்ணும், அதாவது இந்த ஐ.சி.யு.வின் டாக்டர் ஹபீபுல்லா சொன்னதை வைத்து நான் எழுதியது முடிவு பண்ணும், அதாவது நான். விரல்களெல்லாம் சில்லிட்டுப்போயிருக்கின்றன, ஏசியினாலா, கன்னம் மட்டும் காய்கிறதே, பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்து, தெரிந்த கேள்வி, எல்லாமே தெரிந்த கேள்வி என்று கண்டதும் உடம்பு சூடேறுமே, அந்தச் சூடு.

சத்தம் இல்லாத ஐ.சி.யு.வை நான் பார்த்ததே இல்லை, யார்தான் பார்த்திருக்கிறார்கள், வெண்டிலேட்டர் மூச்சுவிடுகிற ஓசை இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது, சலைன் ஸ்டாண்டின் சக்கரம் கிரீச்சிடுவது கேட்கிறது, தெருவில் பஸ் ஹாரன்கூடக் கேட்கிறது. இதை அவர் கேட்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி டெங்கு வந்து வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தார், அங்கேதான் இந்தச் சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டேன். அப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கண்ட்ரோல் ரூமில் இன்ஜினியர் நான், சூளைச் சூடு கொஞ்சம் ஏறி மணி அடித்தால் அறையில் இருக்கிற அத்தனை தலையும் திரும்பும், திரும்பாதவன் மறுநாள் வேலைக்கு வர முடியாது. இங்கே என்னடாவென்றால் மனுஷன் படுத்திருக்கிறார், தலைக்கு மேலே மணி அடிக்கிறது, ஒருவரும் திரும்பவில்லை. ஓடிப்போய் "சிஸ்டர், அடிக்குது" என்றேன். "சும்மா அடிக்குதும்மா, போய் உக்காருங்க" என்றார், கோபமாகச் சொல்லவில்லை, பாவம், களைத்துப்போய்ச் சொன்னார். ஆனால் படுத்திருக்கிறவருக்குத் தெரியுமா, அது சும்மா என்று. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கலியமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தையலு, இது என்னுதா, பக்கத்துப் பெட்டுதா?" என்பார். அவருடையதாகவே இருந்தாலும் பக்கத்துப் படுக்கையுடையது என்று சொல்வேன். அப்போது பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பி எங்களைப் பார்ப்பார், அந்தப் பார்வை இருக்கிறதே. கலியமூர்த்தி பிழைத்து வீட்டுக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, கடைக்குப் போய், எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் குக்கர் விசில் அடித்தால் மட்டும் இன்றைக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுகிறார், ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியாமல் அசடு வழியச் சிரிப்பார், அதனால் எங்கள் வீட்டில் சோறு வடித்துத்தான். இன்று காலை நான் செருப்பு மாட்டும்போது, "போயி அதுங்க வாயை மூடிட்டு வா" என்றார். மூடிவிட்டேன் பாருங்கள். மூடிவிட்டேன், அதுதான் பயமே, மூடக்கூடாத நேரத்தில் மூடிவிட்டால்.

சும்மா. இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்தேன். சிமெண்டை விட்டுவிட்டு, மருத்துவக் கருவி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, திருச்சியில் இந்த இதய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு. தலைவர் டாக்டர் ஹபீபுல்லா முன்னால் போய் உட்கார்ந்து, "டாக்டர், மணி எப்பல்லாம் சும்மா அடிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன். அவர் முதலில் என் பெயர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார், ஆஸ்பத்திரிக்குத் தையல்நாயகி என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். அப்புறம், "பாத்தா தெரியும்" என்றார். அவ்வளவுதான் பதில். அடுத்த வாரமும் பாத்தா தெரியும். அதற்கடுத்த வாரமும். பார்த்தால் எது தெரியும், முகமா, நகமா, திரையில் எந்தக் கோடு, எந்தக் கோட்டுக்கு அப்புறம் எந்தக் கோடு என்று நான் விடாமல் கேட்க, ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க சாம்பார்ல உப்பு போடறீங்களே, எத்தனை கிராம்னு கேட்டா சொல்வீங்களா?" என்றார். "சொல்வேன் டாக்டர், ஒரு நாள் என் கையைப் பிடிச்சு எடை போட்டீங்கன்னா," என்றேன். சிரித்துவிட்டார். அதிலிருந்து அவர் ரவுண்ட்ஸ் போகும்போது பின்னாலேயே போனேன், ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் அவர் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்த்தேன். பிபி பட்டை கையை இறுக்கும்போது அதே கையின் விரலில் கிளிப் இருந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று மணி அடிக்கும், அவர் பட்டையைத்தான் பார்ப்பார். சளி உறிஞ்சும்போது அடித்தால் நர்ஸின் கையைப் பார்ப்பார். அவருக்கே தெரியாமல் அவருக்குத் தெரிந்திருந்தது, ஒன்று ஒன்றாக உரித்து எடுத்தோம். சில நாள் சாப்பிடப் போகிறவர் பாதி வழியில் திரும்பி வருவார், "இன்னொண்ணு, இன்னொண்ணு தோணுது" என்று, கண்ணெல்லாம் மின்ன. தனக்குள் இவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு வருகிற சந்தோஷம் அது, அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததே எனக்குப் போதும் என்று தோன்றிய நாட்கள் உண்டு.

மறுபடி ஒரு அமைதி கடந்துபோகிறது, ஏழாம் படுக்கையில் பிபி பட்டை இறுகுகிறது, விரல் கிளிப்பின் அலை படுத்துவிட்டது, ஆக்சிஜன் எண் சரசரவென்று இறங்குகிறது, நான் எழுந்தே நின்றுவிட்டேன், பட்டை தளர்கிறது, அலை திரும்புகிறது, எண் ஏறுகிறது. சத்தமில்லை. உட்கார். கால் கீழே ஆடிக்கொண்டிருக்கிறது, என்னுடைய கால்தான், நிறுத்து. ஆனால் இந்த அமைதிக்குள் ஒரு முள் இருக்கிறது. கத்தாமல் இருப்பது சரியாக இருப்பதாலா, அல்லது எங்கேயாவது ஒரு ஒயர் கழன்று ப்ரோக்ராமே செத்துக்கிடக்கிறதா, செத்த ப்ரோக்ராமும் சமர்த்தாகத்தான் இருக்கும். திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி விட்டுவிட்டு மின்னுகிறது, நான் உயிரோடிருக்கிறேன் என்று ப்ரோக்ராம் சொல்வதற்காக நான் வைத்தது, அதைப் பார்த்துக்கொள்கிறேன், மின்னுகிறது, மறுபடி பார்க்கிறேன், மின்னுகிறது, மின்னுகிறதா என்று பார்த்ததால் மின்னுகிறதா. பைத்தியமே. மூன்று கோடும் ஒரே சமயத்தில் பொய் சொன்னால்? சொல்லாது என்று டாக்டர் சொன்னார். சொல்லாது என்று நானும் எழுதினேன். ஆனால் எழுதினவளுக்குத்தானே தெரியும், எழுதும்போது மனசு எந்த வரியில் தடுக்கியது என்று. ஆஸ்பத்திரி நிர்வாகி போன வாரக் கூட்டத்தில் ரொம்ப மரியாதையாக, "ஒரு பேஷண்ட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அன்னிக்கே இதைக் கழட்டிடுவோம் மேடம்," என்றார். நியாயம்தானே, நானாக இருந்தாலும் கழற்றுவேன்.

மஞ்சள். ஐந்தாம் படுக்கையில் மஞ்சள் விழுந்திருக்கிறது. கூடவே தாழ்ந்த குரலில் ஒரு மணி, இரண்டு தட்டு, நிறுத்தி, மறுபடி இரண்டு தட்டு, இந்த அறை இதுவரை கேட்காத மணி, ஏனென்றால் இது பழைய மானிட்டரிடம் இல்லாதது, நாங்கள் வைத்தது, எந்த எண்ணும் எல்லையைத் தாண்டாதபோதும் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்தால் அடிக்கிற மணி. இதுதான் இருப்பதிலேயே பெரிய ஆசை, இதுதான் இருப்பதிலேயே பெரிய பயமும். ஐந்தாம் படுக்கை சவரிமுத்து, லால்குடிக்காரர், கல்யாண பேண்டுசெட்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவர், நேற்று பைபாஸ் ஆபரேஷன் ஆனவர், காலையில் மூச்சுக்காக வாயில் வைத்திருந்த குழாயை எடுத்ததும் முதல் வார்த்தையாக "நெஞ்சைப் பொளந்துட்டீங்களே, இனிமே ஊத முடியுமா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தவர். கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், தூங்குகிறவர்போல. சிஸ்டர் ரெஜினா திரைக்கு முன்னால் வந்து குனிந்து பார்க்கிறார். "என்ன மேடம் இது? ஹார்ட் ரேட் சரியாத்தான் இருக்கு, பிபி சரியாத்தான் இருக்கு, எல்லாம் லிமிட்டுக்குள்ள தானே?" ஆமாம் சிஸ்டர், எல்லாம் எல்லைக்குள்தான். ஆனால் மஞ்சளுக்குக் கீழே ப்ரோக்ராம் காரணம் எழுதியிருக்கிறது, நான்தான் அதற்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன், இப்போது அது எனக்கே எழுதிக் காட்டுகிறது. இதயத் துடிப்பு காலையிலிருந்து மெல்ல ஏறுகிறது. பிபியில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவே இடைவெளி சுருங்குகிறது. கழுத்துக் குழாயில் அளக்கிற அழுத்தம் கூடுகிறது. நெஞ்சிலிருந்து ரத்தம் வடிகிற ட்ரெய்ன் குழாயில் வரத்து திடீரென்று குறைந்திருக்கிறது. அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது டாக்டரின் குரலே கேட்கிறது, ஒருநாள் லிஃப்டுக்குள் வைத்துச் சொன்னார், "ட்ரெய்ன் நின்னுடுச்சுன்னா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க தையல்நாயகி, ரத்தக்கசிவு நின்னுடுச்சுன்னு. நான் அப்பத்தான் பயப்படுவேன். வெளியே வரலேன்னா உள்ளே சேருதோன்னு." உள்ளே என்றால் இதயத்தைச் சுற்றி, அதன் உறைக்குள், சேரச் சேர இதயத்தை விரிய விடாமல் நெரிக்கும், கொஞ்ச நேரம் எண்கள் எல்லைக்குள்ளேயே நின்று சமாளிக்கும், அப்புறம் ஒரே சரிவு.

அல்லது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், வலியில் துடிப்பு ஏறலாம், ரத்தம் நிஜமாகவே நின்றிருக்கலாம், முதல் நாள், முதல் மணி, அதுவும் சும்மா அடித்தது என்று ஆகிவிட்டால் நாளைக்கு இந்த அறையில் எந்தத் தலையும் இதற்குத் திரும்பாது. திரும்ப வைக்க முடியாது. கை மவுஸின் மேல் இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் மஞ்சள் போய்விடும், இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாமே, இன்னும் கொஞ்சம் ஏறட்டும், நிச்சயமாகட்டும். இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது எனக்கு, வெட்கமாக இருக்கிறது, சூளைச் சூட்டுக்கு நான் இப்படிக் காத்திருந்ததே இல்லை. அங்கே படுத்திருப்பது கல்யாணத்தில் ட்ரம்பெட் ஊதுகிற மனுஷன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். "சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க," என்கிறேன். குரல் எனக்கே அந்நியமாக, சத்தமாக வருகிறது. அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கேள்வி கேட்கவில்லை, போனை எடுத்துவிட்டார். அதற்காக அந்த அம்மாளை நான் என்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் ஹபீபுல்லா பக்கத்து வார்டிலிருந்து வேகமாக வருகிறார், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் ஆடுகிறது, நேராகச் சவரிமுத்துவிடம் போகிறார், திரையைப் பார்க்கவே இல்லை, அவர் எப்போதும் ஆளைத்தான் முதலில் பார்ப்பார். "என்ன மாஸ்டர், எப்படி இருக்கீங்க?" சவரிமுத்து கண்ணைத் திறந்து, "தூக்கமா வருது டாக்டர், வேற ஒண்ணுமில்ல," என்கிறார். பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. டாக்டர் என் பக்கம் திரும்பி, "நல்லாத்தானே இருக்கார்?" என்று கேட்கிறார், சந்தேகமாக, கொஞ்சம் ஏமாற்றமாகவும், அவருக்கும் இது முதல் நாள்தானே. இல்லை டாக்டர், காரணத்தைப் படிங்க என்று சொல்ல வாயெடுக்கிறேன், அதற்குள் அவரே திரைக்கு வந்துவிட்டார், மஞ்சள் வரிகளைப் படிக்கிறார், உதடு அசைகிறது, முதல் வரி, இரண்டாம் வரி, கடைசி வரியில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன், தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டவர்போல. மறுபடி படுக்கைக்குப் போகிறார். இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறார். போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொடுகிறார், தொட்ட கையை எடுக்கவில்லை. "கால் சில்லுனு இருக்கே சிஸ்டர்." ட்ரெய்ன் குழாயைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நீவிக்கொண்டே வருகிறார், ஓரிடத்தில் விரல் நிற்கிறது, குழாய்க்குள் கறுப்பாக, ஜெல்லிபோல, அடைப்பு. "எக்கோ மிஷின் கொண்டாங்க." சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் அறை முழுக்க ஓடியது. மிஷினின் சின்னத் திரையில் சாம்பல் நிறத்தில் இதயம் துடிக்கிறது, அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், எனக்கு எக்கோ படிக்கத் தெரியாது, ஆனால் அந்த வளையம் அங்கே இருக்கக் கூடாதது என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. "தியேட்டருக்குச் சொல்லுங்க. சர்ஜனை வரச் சொல்லுங்க. இப்பவே," என்கிறார் டாக்டர். சவரிமுத்துவின் பக்கம் குனிந்து, "மாஸ்டர், உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கு, எடுத்துட்டு வந்துடறோம்," என்கிறார். "மறுபடியும் பொளப்பீங்களா?" என்று சவரிமுத்து கேட்கிறார். "போட்ட தையலைப் பிரிச்சு மறுபடி போடப்போறோம், அவ்வளவுதான்." நர்ஸ்கள் ஒயர்களைச் சின்ன மானிட்டருக்கு மாற்றுகிறார்கள், கட்டில் நகர்கிறது, கதவு இரண்டாகத் திறந்து மூடுகிறது, போய்விட்டார்கள்.

ஐந்தாம் படுக்கை இருந்த இடத்தில் தரை மட்டும் இருக்கிறது, ஒரு பஞ்சு கிடக்கிறது, திரையில் அந்தக் கட்டம் காலியாக. எனக்கு ஓட வேண்டும்போல் இருக்கிறது, எங்கே ஓடுவது, படியிறங்கித் தெருவுக்கு, யாரையாவது பிடித்து உலுக்கி, அது கண்டுபிடித்துவிட்டது, எந்த எண்ணும் தாண்டவில்லை, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும்போல். உடனே அடுத்த நினைப்பு, கண்டுபிடித்தால் போதுமா, பிழைக்க வேண்டாமா, இங்கே நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருக்கிறேன், அங்கே ஒரு மனுஷனின் நெஞ்சைத் திறக்கிறார்கள், என்ன ஜென்மம் நான். உட்காருகிறேன். மறுபடி மனசு குதிக்கிறது. சவரிமுத்துவின் மனைவி கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறார், ஒடிசலான பெண்மணி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. சிஸ்டர் ரெஜினா வெளியே போய் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொல்கிறார், அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார், புரிந்து ஆட்டுவதுபோல் இல்லை. நான் போய்ப் பேசலாமா, என்ன பேசுவது, நான் யார், ஐ.சி.யு.வுக்குள் போட்டுக்கொள்ளக் கொடுத்த இந்த உடுப்பைப் பார்த்து டாக்டர் என்று நினைத்துவிடுவார். இரண்டாம் படுக்கை அம்மா இட்லி சாப்பிடுகிறார், மூன்றாம் படுக்கையில் ஒயர் கழன்று கோடு நேராகிவிட்டது, ஓரத்தில் 'ஒயர் பார்க்கவும்' என்று வந்தது, நர்ஸ் போய் ஒட்டினார், சத்தமே இல்லை, அதைக்கூட நான் பாதி மனசோடுதான் பார்க்கிறேன். நேரம் நகரவில்லை, நகர்கிறது, வெயில் ஜன்னல் திரையின் ஓரத்தில் கோடாக விழுந்து தரையில் ஊர்கிறது. ஒருவேளை தாமதமாகியிருந்தால், நான் மவுஸில் கை வைத்துக்கொண்டு யோசித்த அந்தக் கொஞ்ச நேரம், அது எவ்வளவு நேரம், ஒரு நிமிஷம் இருக்குமா, ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை துடிப்பு, எண்ணாதே.

கதவு திறக்கிறது, டாக்டர் ஹபீபுல்லா முதலில் வருகிறார், நெற்றியில் தொப்பி அழுத்தின தடம், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் எழுந்து நிற்கிறேன். "கட்டி எடுத்தாச்சு," என்கிறார், "கசிஞ்ச இடத்தையும் தைச்சாச்சு. நல்லா இருக்கார்." சிஸ்டர் ரெஜினா சிலுவை போட்டுக்கொள்கிறார். என் கண்ணில் நீர் முட்டிவிட்டது, டாக்டர் ஏதோ சொல்லப்போகிறார், பாராட்டு என்று நினைத்து நான் முகத்தைச் சரிசெய்துகொள்கிறேன். "ஆனா லேட்டு," என்கிறார். "என்ன டாக்டர்?" "உங்க மணி லேட்டா அடிச்சுது. தியேட்டர்ல நிக்கும்போது யோசிச்சேன். அந்த பிபி இடைவெளி அதுக்கும் முன்னாடியே சுருங்க ஆரம்பிச்சிருக்கும். நாம நாலும் சேரட்டும்னு காத்திருந்தோம். நாலும் சேர வேண்டியதில்ல. எது முதல்ல, எது அப்புறம், அந்த வரிசையே போதும்." சுரீரென்றது, ஒரு வினாடி. அடுத்த வினாடி எனக்குள் என்னமோ திறந்துகொண்டது, வரிசை, ஆமாம் வரிசை, இவ்வளவு நாளும் சேர்ந்து வருவதைத்தான் பார்த்தோம், வரிசையைப் பார்க்கவில்லையே, வரிசையைப் பார்த்தால் இது மட்டுமா, ரத்தத்தில் கிருமி பரவுவதும் தெரியும், மூச்சு திணறப்போவதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை இருக்குமே. "அப்ப மத்ததுக்கும் அப்படித்தானா டாக்டர்?" என்கிறேன். "அதைத்தான் சொல்ல வந்தேன்," என்று அவர் சொல்லும்போதே கதவு அகலமாகத் திறந்து சவரிமுத்துவின் கட்டில் உள்ளே வருகிறது, வாயில் குழாய், மறுபடி மயக்கத்தில், பின்னால் கண்ணாடி வழியாக அவர் மனைவி, இந்தத் தடவை தலைப்பு வாயில் இல்லை, தோளில் கிடக்கிறது. சிஸ்டர் ரெஜினா ஒயர்களை ஒவ்வொன்றாக மாட்டுகிறார், காலியாக இருந்த கட்டத்தில் முதலில் பச்சை வருகிறது, பிறகு நீலம், பிறகு சிவப்பு, துடிப்பு இறங்கியிருக்கிறது, இடைவெளி விரிந்திருக்கிறது, டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு "வெதுவெதுன்னு இருக்கு," என்று யாருக்கென்றும் இல்லாமல் சொல்லிக்கொண்டார். அப்புறம் என் மேஜைக்கு வந்து, கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், சாப்பிட்டாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, நான் சாப்பிட்டேனா என்று அவருக்கும் தோன்றவில்லை. "முதல்ல காலு சில்லிடும்," என்று ஆரம்பிக்கிறார், "அதை மிஷின் பாக்காது. ஆனா விரல் கிளிப்போட அலை குட்டையாகும், அதைப் பாக்கும்ல?" பார்க்கும் டாக்டர், பார்க்கும், சொல்லுங்க என்கிறேன், விரல்கள் கீபோர்டின் மேல் போய்விட்டன.